சீறல் அடங்கிய இடம்

7

"இன்னொரு தடவை போடு," என்றாள் செங்கொடி.

டில்லிபாபு செல்போனைத் தட்டினான். ராயபுரத்தில் செங்கொடியின் துப்பறியும் ஆபீஸ் மாடியறையில், கீழே லாரிகள் போட்ட கூச்சலுக்கு நடுவே, காணாமல் போன ரேகாவின் குரல் மறுபடி எழுந்தது.

"நான் ரேகா பேசுறேன். சாட்சி சொல்ல நான் வரல. சத்தியமா நான் ஒண்ணும் பாக்கல. போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் போவாதீங்க. என்னத் தேடாதீங்க."

அவ்வளவுதான். குரலுக்குப் பின்னால் மட்டும் ஓயாத ஒரு சீறல், குழாயில் காற்று கசிவதைப் போல.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் எத்திராஜ். ரேகாவின் புருஷன், எண்ணூர்க் குப்பத்து மீனவன். கொடுத்த டீயில் பாதியைச் சட்டைக்கு ஊட்டியிருந்தான், அவ்வளவு நடுக்கம். அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இங்கே கொண்டுவந்து சேர்த்தவள் அவன் மாமியார், ரேகாவின் அம்மா பவுனம்மாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோடு நின்றாள்.

கதை இதுதான். முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பலைக் கொட்ட வந்த லாரியை ரோஷன் என்ற இளைஞன் மறித்தான். லாரி முதலாளி பூபாலன் அவனை இழுத்துப்போய்த் தண்ணீரில் அமுக்கிக் கொன்றான். பார்த்தவள் ரேகா ஒருத்திதான். பூபாலன் ஜாமீனில் வெளியே உலாத்துகிறான். நாளைக் காலை அவள் கோர்ட்டில் வாய் திறக்க வேண்டும். ஆளைக் காணோம். அவள் போனிலிருந்து இந்தப் பேச்சு மட்டும் வந்துவிட்டு, போனும் செத்துவிட்டது.

ரேகா உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"பேச்சை விட்டுடு டில்லி. பின்னாடி இருக்கிற சீறலை மட்டும் கேளு," என்றாள் செங்கொடி.

டில்லிபாபு கண்ணை மூடிக் கேட்டான். வியாசர்பாடிக்காரன். ஆட்டோ ஓட்டிக்கொண்டே துப்பறிகிறானா, துப்பறிந்துகொண்டே ஆட்டோ ஓட்டுகிறானா என்பது அவனுக்கே தெரியாது.

"யக்கா, அவங்க 'ஸ்'னு சொல்ற எடத்துல எல்லாம் அந்தச் சத்தம் பம்முது. அப்பால தலயத் தூக்குது. மாமியாரக் கண்ட மருமவன் மாரி."

பவுனம்மாள் முறைத்தாள்.

"கரெக்ட். இது போன்ல நேரா பேசினது இல்ல. மைக்ல பேசி, ஒரு ப்ராசஸர் வழியா வந்த குரல். அந்தப் பெட்டிக்குள்ள ஹை ஃப்ரீக்வென்சி லிமிட்டர்னு ஒரு சர்க்யூட் இருக்கு."

"எனுக்குப் புரியற மாரி சொல்லு."

செங்கொடி துப்பறிய வருமுன் ஒரு வானொலி நிலையத்தில் கருவி அறையில் தலை நரைத்தவள். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அவளுக்கு வயசு குறைந்துவிடும்.

"குரல் உள்ள நுழைஞ்சதும் ஒரு கிளை தனியா பிரியும். அதுல ஒரு வடிகட்டி. மேளம், இருமல், கடல் இரைச்சல், இந்த மாதிரி தடிச்ச சத்தமெல்லாம் அங்கயே நின்னுடும். 'ஸ்', 'ஷ்', விசில், கூரான சத்தம் மட்டும் தாண்டிப் போய் ஒரு காவக்காரன்கிட்ட சேரும். அளவுக்குள்ள இருந்தா அவன் பேசாம இருப்பான். மீறிச்சுன்னா, மெயின் லைன்ல ஓடுற சத்தத்துல கூரான பாகத்தை மட்டும் அமுக்குவான். தடிச்ச பாகத்துல கை வைக்க மாட்டான். மீறல் முடிஞ்சா கண் சிமிட்டுறதுக்குள்ள விட்டுடுவான்."

"கூரா கத்துனா இன்னா தப்பு?"

"ஹார்ன் ஸ்பீக்கருக்குள்ள மெல்லிசா ஒரு தகடு அதிரும். கூரான சத்தம் அளவு மீறினா அதோட காயில், அதான் கம்பிச் சுருள், சூடேறிக் கருகிடும். ரேடியோவுலன்னா, அனுப்பும்போதே கூரான சத்தத்தைத் தூக்கிவிட்டுத்தான் அனுப்புவோம். அப்ப அது எல்லை தாண்டிடக் கூடாது. அதுக்குத்தான் காவல்."

"ஓ! தெருவுல ஒசரமானவன் ஒருத்தன் சவுண்டு வுட்டா, ஒசரமா கீறவன் எல்லாருக்கும் லத்தி. குள்ளமா கீறவன் தப்பிச்சுக்குவான். பாவம் இந்தச் சீறலு, சொம்மா நின்னதுக்கு அடி வாங்குது."

"அதான் துப்பு. சீறலை அப்புறமா ஒட்டியிருந்தா அது பம்மாது. ரேகா குரலும் சீறலும் ஒரே மைக்ல சேர்ந்து நுழைஞ்சிருக்கு. அந்தச் சீறல் கேக்குற இடத்துலதான் ரேகா நின்னு பேசியிருக்கா."

"பவர் அவுஸுல ஆவி வுடுற சத்தம்மா அது! எங்க குப்பத்துல ராவும் பகலும் அதான்," என்றாள் பவுனம்மாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மகள் தூரத்தில் இல்லை என்பதே அவளுக்குப் பெரிய செய்தி. எத்திராஜ் குனிந்து டீக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பேச்சு முடிஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் ஓடுது பாரு."

கேட்டார்கள். பதிவில் யாரும் பேசவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆனால் சீறல் பம்மியது. எழுந்தது. மறுபடி பம்மியது.

"யாரு அடிக்கிறது அத்த?" என்று கேட்டான் டில்லிபாபு. குரலில் கிண்டல் இல்லை.

"நமக்குக் கேக்காத ஒண்ணு. ரொம்ப உச்சத்துல இருக்கிற சத்தத்தையெல்லாம் போன் மெசேஜ் வெட்டித் தள்ளிடும். சத்தம் போயிடுச்சு, அதுக்காக விழுந்த அடி மட்டும் மிஞ்சியிருக்கு. அந்த ரூம்ல எதுவோ கத்திக்கிட்டே இருக்கு டில்லி. ரேகாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு."

டில்லிபாபு கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். மயிர் கூச்செறிந்திருந்தது.

இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட பெட்டிகளை விற்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆள்தான், திருவொற்றியூர் மைக் செட் சுப்பராயன். குப்பத்தில் யாரிடம் அது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பவுனம்மாள் பஸ் பிடித்துக் குப்பத்துக்குப் போனாள். எத்திராஜும் அவளோடு கிளம்பப் பார்த்தான்.

"நீங்க எங்ககூட வாங்க," என்றாள் செங்கொடி.

"நான் எதுக்கு மேடம்?" என்றவன், அவள் பார்வையைக் கண்டதும் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டில்லிபாபு சந்து கிடைத்த இடத்திலெல்லாம் மூக்கை நுழைத்தான். சுங்கச்சாவடி தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"யக்கா, திரும்பாத. ராயபுரத்துலேந்து ஒரு கறுப்பு பைக்கு பின்னாலயே வந்துகினு கீது. ரெண்டு பேரு. நம்பர் பிளேட்டுல சேறு."

"மழையே இல்லையே."

"அதான் சொல்றேன். காஞ்ச ஊர்ல சேறு பூசிகினு சுத்துறவன் நல்லவனா இருக்க மாட்டான்."

எத்திராஜ் திரும்பிப் பார்த்தான். பார்த்த பிறகு அவன் முகத்தில் ரத்தம் இல்லை. செங்கொடி அந்த முகத்தைக் கவனித்தாள். அவள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

சுப்பராயனின் குடோன் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. எத்திராஜ் ஆட்டோவிலேயே இருப்பதாகச் சொன்னான். உள்ளே கூம்பு ஸ்பீக்கர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. வாசலில் கால் வைத்ததுமே டில்லிபாபு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"இன்னாக்கா இது, கொசு மைக்குல பாடுற மாரி! மண்டைக்குள்ள ஊசி ஏறுது!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"வாங்க மேடம், வாங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார் சுப்பராயன். அறுபதைத் தாண்டியவர். ஆயுசெல்லாம் ஹார்ன் வாயருகே நின்றவருக்குக் காது போய்விட்டது. அதனால் உலகமே செவிடு என்ற நினைப்பில்தான் பேசுவார். "தம்பி ஏன் காதைப் பொத்தினு கீது?"

"ஏதோ கூவுதாம்."

சுப்பராயன் விழுந்து விழுந்து சிரித்தார். மூலையில் சிவப்பு விளக்கோடு மினுக்கிய ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். "எலி மிசினு! கூரா ஒரு சவுண்டு வுடும், எலி ஓடிப்பூடும்! ஸ்பீக்கர் கோனெல்லாம் கடிச்சு நாசம் பண்ணுது மேடம்! வாலிபப் பசங்க காதுக்கு மட்டும் எட்டும்! நம்ம வயசுக்கு எட்டாது!"

செங்கொடி அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தாள். அவளுக்குக் கேட்காத சத்தம் இது. சுப்பராயனுக்கும் கேட்காது. காவல் சர்க்யூட்டுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

டில்லிபாபுவுக்கும் அது உறைத்தது. அவன் மெதுவாக நகர்ந்து பெரியவருக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டான். சுப்பராயனின் கையில் ஒரு பெரிய திருப்புளி இருந்தது.

"யக்கா, இங்கதான் பேச வச்சாங்களா?" என்று கிசுகிசுத்தான்.

செங்கொடி இல்லை என்று தலையை ஆட்டினாள். "நீ கேக்குறது விட்டு விட்டு வருதா?"

"இல்ல. ஒரே இழுப்பு."

"ரெக்கார்டிங்ல விட்டு விட்டுத்தான் அடி விழுந்துது. அதோட இங்க பவர் ஹவுஸ் சத்தமும் இல்ல." அவள் குரலை உயர்த்தினாள். "சார்! வேற யாருக்காவது இந்த எலி மிஷின் குடுத்தீங்களா? விட்டு விட்டுக் கத்துற மாதிரி?"

"ஒண்ணே ஒண்ணு குடுத்தேன்! எண்ணூர்க் குப்பத்து சமுதாயக் கூடம், மாடி ரூமு! கீய வலை போட்டு வச்சிருக்காங்க இல்ல, எலித் தொல்லை! லிமிட்டர் வச்ச பெட்டியும் நான் குடுத்ததுதான்! ஊருக்கு அறிவிப்பு சொல்றதெல்லாம் அங்கேந்துதான்! வேற எவனும் மேல ஏற மாட்டான், சாவி நம்ம பையன்கிட்ட கீது!"

"எந்தப் பையன்?"

"எங்கிட்ட தொயில் கத்துனவன்! தோ, வாசல்ல நிக்கிறானே! எத்திராஜு! இன்னா நைனா, வெளியவே நிக்கிற?"

இருவரும் திரும்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கி வந்திருந்த எத்திராஜ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"நாந்தான் பூட்டி வச்சேன்," என்றான்.

டில்லிபாபு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "பேமானி! பொண்டாட்டிய ஒளிச்சு வச்சுட்டு எங்ககூடத் தேட வந்தியா?"

"பூபாலன் வூட்டாண்ட வந்தான்பா. சண்ட போடல. எம் பொண்ண மடியில குந்த வச்சுகினு பேரு இன்னான்னு கேட்டான். பிஸ்கோத்து குடுத்தான். 'இந்தப் பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா?'ன்னு என்னக் கேட்டான்." எத்திராஜ் குலுங்கி அழுதான். "ரேகா கேக்க மாட்டேன்னுட்டா. சாட்சி சொல்லியே தீருவேன்னா. கோர்ட்டு முடியிற வரிக்கும் உள்ள வச்சா உசுரு தங்கும்னு பூட்டிட்டேன். பாப்பா தலமேல சத்தியம் வாங்கி அவளப் பேச வச்சேன். மாமியார் இஸ்துகினு வந்துது, இல்லாட்டி உங்காண்ட வந்துகூட இருக்க மாட்டேன்."

"போன்லயே பேச வச்சிருக்கலாமே. எதுக்கு மைக்?"

"கொரல் சுத்தமா இருந்தாத்தான மேடம் அவ கொரலுன்னு நம்புவாங்க?"

மைக்காரன் புத்தி. திருட்டுத்தனத்திலும் தொழில் சுத்தம். செங்கொடிக்கு அவனை அறையவும் தோன்றியது, அவனோடு சேர்ந்து அழவும் தோன்றியது.

டில்லிபாபு சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "யக்கா! பைக்கு இல்ல!"

"போயிட்டாங்களா? நல்லதுதானே."

"இன்னா நல்லது! சந்துலதான் நின்னுகினு இருந்திருக்கானுங்க. பொட்டிக்கடக்காரர் சொல்றாரு. எண்ணூர்க் குப்பம், மாடி ரூமுன்னு இந்தப் பெரியவரு போட்ட கூச்சல், தேரடி வரிக்கும் கேட்டிருக்கும்!"

செங்கொடி எத்திராஜை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். சுப்பராயன் மட்டும், "இன்னா சொல்றான்?" என்று கத்தினார்.

ஆட்டோ பறந்தது. செங்கொடி போலீசுக்குப் போன் போட்டாள். "வந்துகிட்டே இருக்கோம்" என்றார்கள். அந்தப் பதிலின் நீளம் சென்னையில் எல்லோருக்கும் தெரியும். பவுனம்மாள் போனை எடுக்கவில்லை. எத்திராஜ் நடுவில் உட்கார்ந்து, "நீச்சல் தெரியாது, பாப்பாவுக்கு நீச்சல் தெரியாது" என்று முனகிக்கொண்டே வந்தான். பத்திரமாக ஒளிந்திருந்தவளைக் கண்டுபிடித்துக் கொலைகாரனுக்குக் காட்டிக் கொடுத்தது தன் கெட்டிக்காரத்தனம்தான் என்பது செங்கொடியை அறுத்தது.

மெயின் ரோட்டை லாரி வரிசை அடைத்திருந்தது. பைக் அதில் மாட்டியிருக்க வேண்டும். டில்லிபாபு மீன் காயவைக்கும் பாதையில் வண்டியை விட்டான். "கருவாட்டுக்கு மன்னிப்பு அப்பால கேட்டுக்கலாம்" என்றான். சிரிக்க ஆளில்லை.

கூடத்தின் மாடிப்படி வெளிப்பக்கம் இருந்தது. எத்திராஜ் நீட்டிய சாவி பூட்டில் நுழையவே இல்லை. செங்கொடி பிடுங்கித் திறந்தாள். உள்ளே, அலமாரியளவு மைக் பெட்டிக்குப் பக்கத்தில், பாயைச் சுருட்டிக் கையில் தடிபோலப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரேகா. மூலையில் எலி மிஷினின் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"கிளம்பு. உடனே," என்றாள் செங்கொடி.

கீழே பைக் வந்து நின்றது. பின்னாலேயே ஒரு காரும் நின்றது. கதவு சாத்தும் சத்தம். அப்புறம் படியில் நிதானமான செருப்புச் சத்தம்.

டில்லிபாபு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினான். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. மேசையை இழுத்து வைத்து முதுகைக் கொடுத்து நின்றான்.

"ரேகாம்மா," என்றது வெளியே ஒரு குரல். இனிப்பான குரல். "நான்தாம்மா பூபாலன். சொம்மா ரெண்டு வார்த்த பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

"மைக்ல கத்துங்க! ஊரைக் கூப்பிடுங்க!" என்றாள் செங்கொடி.

"பேசினா எவனும் வரமாட்டான். எப்பவும் இதுல பாட்டும் மீன் வெலையும்தான் ஓடும், காதுல வாங்க மாட்டாங்க," என்றாள் ரேகா. "ஊளைய வுடணும். கடல்ல போட்டு கவுந்தா அதான் எங்க வழக்கம். பேச்சே இல்லாம ஹார்னு ஊளை வுட்டா, சோத்துல கீற கைய ஒதறிட்டு ஊரே ஓடியாரும்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "லிமிட்டர எடுத்துட்டு மைக்க ஹார்னுக்கு நேராக் காட்டணும். ஹார்னு ஒயரப் புடுங்கி வச்சுகினு கீறியே, குடு!"

கதவில் முதல் உதை விழுந்தது. மேசை ஒரு சாண் நகர்ந்தது.

எத்திராஜ் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். "வாணாம் ரேகா. அவங்கால்ல வுயறேன். நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிடறேன். பாப்பா கீது ரேகா."

"பாப்பாவுக்குத்தான்யா கேக்குறேன்."

இரண்டாவது உதை. டில்லிபாபு முன்னால் தூக்கி எறியப்பட்டு, மறுபடி ஓடிப்போய் மேசையில் முட்டுக் கொடுத்தான். "மாமு, குடுத்துடு! எனுக்கு இன்னும் கல்யாணங்கூட ஆவல!"

எத்திராஜ் மனைவியைப் பார்த்தான். அழுதுகொண்டேதான் ஒயரை எடுத்தான், அழுதுகொண்டேதான் ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். ரேகா மைக்கை ஜன்னலுக்கு வெளியே, ஹார்னின் வாய்க்கு நேராக நீட்டினாள். செங்கொடி பெட்டியில் லிமிட்டர் பித்தானைத் தேடித் தட்டினாள். பச்சை விளக்கு அணைந்தது. இனி கூரான சத்தத்தை அமுக்க ஆளில்லை.

முதலில் ஒரு முனகல். பிறகு ஹார்னின் சத்தம் மைக்கில் புகுந்து, மைக்கின் சத்தம் ஹார்னில் பெருத்து, அது கிழிந்துகொண்டு கிளம்பியது. அப்படி ஒரு ஊளையைச் செங்கொடி தன் சர்வீசில் கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டில்லிபாபு காதைப் பொத்த முடியாமல் கத்தினான், அவன் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மேசை இன்னொரு சாண் நகர்ந்து, இடுக்கில் நான்கு விரல்கள் நுழைந்தன. விரல்களில் மோதிரங்கள் இருந்தன.

அப்போது ஹார்ன் செத்தது. டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். பவர் ஹவுஸின் சீறல் மட்டும் மிச்சம்.

ஒரு நொடி செங்கொடிக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

விரல்கள் பின்வாங்கின. கீழே காலடிகள். ஒன்றல்ல, பத்தல்ல. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், மீன் கூடையோடு ஏலத்தில் நின்றவர்கள், ஈரத் தலையோடு பெண்கள், எல்லோரும், "எந்தப் போட்டு? யாரு போட்டு?" என்று கேட்டுக்கொண்டே கூடத்தைச் சூழ்ந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் பவுனம்மாள். பைக் ஆட்கள் இருவரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். படியில் நடுவழியில் மாட்டிக்கொண்டு நின்றான் பூபாலன், வெள்ளைச் சட்டையில், சிரிக்க முயன்றபடி.

ரேகா மேசையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். மைக் இல்லை, ஹார்ன் இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"போட்டு எதுவும் கவுறல! ரோஷனத் தண்ணில வச்சு அமுக்கினது இவன்தான்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்! நாளைக்கு நான் கோர்ட்டுக்குப் போயிச் சேரலன்னா, நான் சொன்னத நீங்க போயிச் சொல்லுங்க!"

கூட்டம் ஒரு படி ஏறியது. பூபாலன் ஒரு படி பின்வாங்கினான். பின்னால் ரேகா நின்றாள். அவனுக்குப் போக இடமில்லை.

போலீஸ் ஜீப் ஒருவழியாக வந்து அவனை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் எத்திராஜ் அறையை விட்டு வெளியே வந்தான். பவுனம்மாள் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ரேகா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்:

"ஓடிப்போன ரெண்டு பேரும் வெளியதான் கீறானுங்க. உனுக்குப் பயமா இல்லியா ரேகா?"

"பயந்துகினுதான் கீறேன். அன்னிக்கே பயந்துகினுதான் இருந்தேன்," என்றாள் ரேகா. "அதுக்குத்தான்யா உன்னக் கூட வரச் சொன்னேன். பூட்டச் சொல்லல."